பெண்ணாடம் வேப்பூர் வேப்பூர்

டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், எங்கள் ஷெட்டில் இத்தனை வருஷமாக அதிகச் சத்தம் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது. டிரம் செட் இருந்தது. கிடார் இருந்தது. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு இருந்தன. எல்லாம் இருந்தும் ஷெட் ஊமையாகக் கிடந்தது. டீச்சர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் ஒரு பீங்கான் கப்பைப் பிடித்துக்கொண்டு, டீஸ்பூனால் அதைத் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை. அதற்கு மேல் எத்தனை தட்டினாலும் திட்டு.

எங்களுடையது ஒரு ப்ரோக்ரெஸிவ் மெட்டல் குழு. விருத்தாசலத்திலா என்று கேட்பார்கள். விருத்தாசலத்தில்தான், செராமிக் தொழிற்பேட்டைக்குள், களிமண் மூட்டைகளுக்கும் சூளைக்கும் நடுவில் உள்ள தகரக் கூரைக்குக் கீழே. மெட்டல் என்றால் அந்த இரைச்சல் எல்லோருக்கும் தெரியும். கிடாரின் தடித்த தந்தியை இன்னும் தளர்த்தி, நெஞ்சுக்கூட்டில் போய் உட்காரும் அளவுக்குத் தாழ்த்தி வாசிப்பது. ப்ரோக்ரெஸிவ் என்றால் அந்த இரைச்சல் ஓரிடத்தில் தங்காது. நாலு நாலாக நடந்துகொண்டிருந்த பாட்டு திடீரென்று ஏழுக்குத் தாவும், ஐந்தில் நொண்டும், நடுவழியில் எல்லாம் அடங்கி ஒற்றைத் தந்தி மட்டும் மழை விட்ட பிறகு கூரை சொட்டுவதுபோல் சொட்டிக்கொண்டிருக்கும். கேட்கிறவர் முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கும்போது மறுபடியும் இடிந்து விழும்.

கிடார் வாசிப்பவனை மொதலாளி என்போம். இந்த யூனிட் அவன் அப்பா காலத்திலிருந்து அவர்களுடையது. டீ கப், ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை. கல்லூரியில் படிக்கும்போதே அவன் மொதலாளிதான். டிரம்ஸ் வாசிப்பவன் மாப்ள. பெண்ணாடம் ரோட்டில் மைக்செட் கடை வைத்திருக்கிறான். எனக்கு பேஸ் கிடார். பாட்டுக்கான வரிகளையும் நான்தான் எழுதுகிறேன் என்பதால் டீச்சர் என்னைக் கவிஞரே என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எதுவும் கிடையாது. டீச்சர் எங்கள் பாடகி, மாப்ளயின் மனைவி, தொடக்கப் பள்ளி ஆசிரியை.

சர்ச்சில் பாடி வளர்ந்த தொண்டை அது. அதில் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, வெயிலில் உலர்த்திய வெள்ளைத் துணி மாதிரி. இன்னொன்று உறுமல், அடித்தொண்டையிலிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டு வருவது. முதல் முறை கேட்டவர்கள் பின்னால் எந்த ஆம்பிளை நிற்கிறான் என்று எட்டிப் பார்த்தார்கள். கல்யாணமான புதிதில் அடுப்படியில் அந்தக் குரலைப் பழகிக்கொண்டிருந்தபோது மாமியார் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாராம். இரண்டு குரல்களும் ஒரே மூச்சில், ஒரே வரியில் மாறி மாறி வரும். எங்கள் இசையை எங்களுடையதாக்கியது அதுதான். கிடாரை யார் வேண்டுமானாலும் தளர்த்தலாம்.

போன வருஷம் அந்தத் தொண்டை கம்மத் தொடங்கியது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது குரலில் உமி கலந்திருக்கும். அப்புறம் மத்தியானத்திலேயே. அப்புறம் காலையிலேயே. பாண்டியில் நாலு பேருமாகப் போய்ப் பார்த்த ஒரு டாக்டர் மூக்கு வழியாக கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருக்கிறது, எடுத்துவிடலாம், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம் என்றார். டெஸ்டுக்கு என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். மாப்ள அதைக் கேட்டதும் சட்டைப் பையில் எதையோ தேடத் தொடங்கினான். பையில் ஒன்றும் இல்லை.

"பாடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பாடுவேங்க" என்றார் டீச்சர்.

"கர்னாடிக்கா?"

மாப்ள போனை எடுத்து எங்கள் பாட்டு ஒன்றைப் போட்டான். அவசரத்தில் உறுமும் இடத்தில் போட்டுவிட்டான். டாக்டர் போனைப் பார்த்தார். டீச்சரின் பருத்திப் புடவையைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நான்தாங்க."

"வேற எதாவது கத்துறதுண்டா?"

"ரெண்டாங்கிளாஸு எடுக்கறங்க."

"அப்ப பாட்டு மேல மட்டும் பழி போட முடியாது" என்றார் டாக்டர். அந்த அறையில் எங்களுக்கு மூச்சு வந்தது அந்த ஒரு தடவைதான்.

எடுத்தார்கள். அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். டாக்டர் பார்த்து அனுமதிக்கும்வரை பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல். முனகக்கூடக் கூடாது. அந்தக் குரல் திரும்பி வருமா, வந்தால் எது வரும், வெள்ளைத் துணியா உறுமலா, இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஏதோ ஒன்றா என்பது யாருக்கும் தெரியவில்லை. பாட்டு போனாலும் போகட்டும், பிழைப்பே தொண்டையில்தான் இருந்தது. பாட்டு போனாலும் போகட்டும் என்று நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நாங்கள் ஷெட்டில் கூடுவது சூளை ஆறும் நாட்களில் மட்டும். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். சூளை எரியும்போது வேலை இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். எரிந்து முடித்து நெருப்பை அணைத்த பிறகு, உள்ளே இருப்பது தானாக ஆறும்வரை யாரும் எதுவும் செய்வதற்கில்லை. கதவைத் தொடக் கூடாது. ஷெட் காலியாக இருக்கும். மொதலாளியின் அப்பா, "ஆறற வரைக்கும் என்னா வேணா பண்ணிக்குங்க, கதவுகிட்ட மட்டும் போவாதீங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் பாட்டுகள் நீளமாகப் போனதற்குப் பெரிய கலைக் காரணம் எதுவும் கிடையாது. வெயில் தகரத்தில் காய்கிறது, சூளை அதன் இஷ்டத்துக்கு ஆறுகிறது, எங்களை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. ஒரு பாட்டு இருபது நிமிஷம் போனால் என்ன?

எண்ணுவதில்தான் சிக்கல் வந்தது. ஏழு தட்டுகள் கொண்ட தாளத்தை வேகமாக ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் இரண்டு அசை. வாய் பின்தங்கிவிடும், கை முன்னே போய்விடும். மாப்ளதான் வழி கண்டுபிடித்தான். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவன். பெண்ணாடம் என்றால் மூன்று தட்டு, வேப்பூர் இரண்டு, எங்கள் பக்கத்து மங்களூர் மூன்று. "பெண்ணாடம் வேப்பூர் வேப்பூர்" என்றால் ஏழு. "மங்களூர் வேப்பூர்" என்றால் ஐந்து. மங்களூர் மங்களூர் பெண்ணாடம் வேப்பூர் என்று பதினொன்றில்கூட ஒரு பாட்டு உண்டு. யாராவது தாளத்தைத் தவறவிட்டால் டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு, "என்னா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்பார். பெரும்பாலும் விட்டவன் நானாக இருப்பேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வரி எழுதினாலும் சரி, வாசித்தாலும் சரி, அடுத்ததற்கு முன்பே போய் நின்றுவிடுவேன், இல்லாவிட்டால் இங்கேயே எதையாவது பார்த்துக்கொண்டு பின்தங்கிவிடுவேன்.

முதல் ஆல்பத்தைச் சூளை பற்றித்தான் போட்டோம். சூடேறுவது ஒரு பாட்டு, உச்சியில் நிற்பது ஒரு பாட்டு, ஆறுவது ஒரு பாட்டு. ஆறும் பாட்டின் தொடக்கத்துக்கு ஒரு சத்தம் வேண்டுமென்று மொதலாளிக்குப் பிடிவாதம். சூடான பீங்கானில் வெளிக்காற்று பட்டால் மெருகுப் பூச்சு விரிசல் விடும். கண்ணாடி வளையல்கள் எங்கோ தூரத்தில் உரசுவதுபோல் டிங், டிங் என்று கேட்கும். அதைப் பிடிக்க, ஆறாத சூளையின் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து மைக்கை நீட்டினான். அருமையான சத்தம். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் முதலில் கேட்பது அதுதான். அந்தச் சூளையிலிருந்து எடுத்த கப்புகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவன் அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். நல்ல கப் மணிபோல் பேசும், விரிசல் விட்டது மரக்கட்டைபோல் பேசும். எல்லாம் மரக்கட்டை. அவர் அவனை அடிக்கவில்லை. "கேளுடா, இதையும் புடிச்சி வச்சிக்க" என்று ஒவ்வொரு கப்பையும் அவன் காதருகே வைத்துத் தட்டிக்காட்டினார். அன்றிலிருந்து மொதலாளி தட்டிப் பார்க்காமல் எந்தக் கப்பிலும் டீ குடித்ததில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் பேப்பர் கப்பைக்கூடத் தட்டினான்.

பிறகு மேடைகள். கல்லூரி விழாக்களில் சினிமாப் பாட்டு கேட்டார்கள். ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு, வேண்டாம் என்று சொல்லியும், மாப்ளயின் மைக்செட்டோடு சேர்த்து எங்களையும் பேசிவிட்டார்கள். பாதிப் பாட்டில், அமைதியான இடத்தில், பெண்ணின் மாமா மேடையோரம் வந்து மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?" சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. இரண்டாவது ஆல்பத்தில் உறுமலைக் குறைத்து டீச்சரின் தெளிந்த குரலை முன்னால் கொண்டுவந்தோம். பழைய ரசிகர்கள், இருந்த கொஞ்சம் பேரும், மென்மையாகிவிட்டோம் என்று திட்டினார்கள். சென்னையில் வாசித்தோம். பெங்களூரில் ஒரு திறந்தவெளி விழாவில், மதிய வெயிலில், ஆள் சேருவதற்கு முன்னால் வாசித்தோம். அப்புறம் பிள்ளைகள், வேலை, அவரவர் அம்மா அப்பாவின் மருந்துச் சீட்டு. நீண்ட இடைவெளி. அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஆல்பத்தை இணையத்தில் போட்டதும் போலந்திலிருந்து ஒருவர் கேட்டு எழுதினார்: பாட்டு தொடங்கும் முன் ஒரு பெண் ஓதும் அந்த மந்திரத்தின் பொருள் என்ன? பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது, வேப்பூரில் பரோட்டா நன்றாக இருக்கும் என்று டீச்சர் பதில் எழுதினார்.

இப்போது டீச்சர் ஓதவில்லை. கப்தான் ஏழு தாளத்தைத் தட்டியது.

டெஸ்ட் முடிவு ஒரு சூளை ஆறும் நாளில் வந்தது. மாப்ளயின் போன் அடித்தது. அவன் எடுத்து, "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்றான். அப்புறம் டிரம் ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்காரும்போது கால் மிதியில் பட்டு பெரிய டிரம் ஒரு முறை தும் என்றது. டீச்சரின் ஸ்பூன் கப்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"கெட்டது ஒண்ணும் இல்லியாம்" என்றான். "சாதாரணக் கட்டிதானாம்."

டீச்சர் ஒரு தட்டு தட்டினார். ஆமாம். பிறகு நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார். அது திட்டு இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. மொதலாளி சூளைக் கதவுக்குப் பக்கத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன், சர்க்கரை போடாதவனுக்கும் சர்க்கரை போட்டு.

உயிருக்குப் பயமில்லை என்று ஆனதும் ஆசை தலைகாட்டியது. அதே வாரம் பெங்களூர் விழாக்காரர்கள் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மதிய வெயிலில் இல்லை, விளக்குப் போட்ட பிறகு. எங்கள் வாழ்க்கையில் யாரும் எங்களை விளக்குப் போட்ட பிறகு மேடையேறச் சொன்னதில்லை. ஆனால் டாக்டர் மறுபடி பார்க்க வரச் சொன்ன தேதிக்கு முன்பே விழா முடிந்துவிடும்.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "பாட்டில்லாம வாசிச்சிட்டு வரலாமே. வெறும் இசையா."

இரண்டு தட்டு. கப் உடையவில்லை என்பதே ஆச்சரியம். டீச்சர் போனில் தட்டச்சு செய்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்: 'நான் இல்லாம எப்படிடா போவீங்க? நானும் வரேன். பாடறேன். ஒரே ஒரு பாட்டு.'

மாப்ள மனைவியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "அவ ஆசப்படறா. ஒரு பாட்டுதான..." என்று இழுத்தான். அவன் குரலில் எது அதிகம், அவர் ஆசையா அவன் ஆசையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் ஆசையை நான் மறைக்கவே இல்லை.

மொதலாளி மட்டும் கிடாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தான்.

"முடியாது. ஆறட்டும்."

டீச்சர் வேகமாகத் தட்டச்சு செய்தார்: 'சொல்றது யாரு பாரு! ஆறாத சூளைய தொறந்தவன்தான நீ?'

"ஆமா. அதனாலதான் சொல்றன். ஒரு சத்தத்துக்காவத் தொறந்தேன். சத்தம் நல்லாத்தான் வந்துது. அப்புறம் அத்தனையும் மரக்கட்டையாப் பேசுனத ஒண்ணொண்ணா கேட்டவன் நான். ஒந்தொண்டைய எங்காதுகிட்ட அப்பிடித் தட்டிப் பாக்க முடியாது, தாயே."

சூளைக்குள் ஏதோ ஒன்று ஆறிச் சுருங்கி மெல்ல முனகியது. டீச்சர் ஸ்பூன் நுனியால் கப்பின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். அப்புறம் ஒரு தட்டு.

மொதலாளியே போன் போட்டு வர முடியாது என்று சொன்னான். துக்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் போனை வைத்ததும், மாடிப்படி நெடுகத் தூக்கி வந்த ஸ்பீக்கரைக் கடைசிப் படியில் இறக்கியதுபோல் என் தோள்கள் தானாகக் கீழே இறங்கின. இத்தனை வருஷம் எங்காவது போய்ச் சேர வேண்டுமென்று பறந்துகொண்டிருந்தவன், போக வேண்டியதில்லை என்றதும் தகரக் கூரையைப் பார்த்து மல்லாக்கப் படுத்தேன். அடுத்த தடவை சூளை ஆறும்வரை எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

சும்மாவும் இருக்கவில்லை. டீச்சர் பாடும் பகுதியில் பாட ஆளில்லாமல் ஏழு வெறிச்சென்று கிடந்ததால், அதை நாங்கள் நாலாக மாற்றி வாசித்துப் பார்த்தோம். எளிதாக இருந்தது. மொதலாளிகூட நன்றாக இருக்கிறது என்றான். கப் இரண்டிரண்டாகத் தட்டி ஓய்ந்தது. நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம். அப்படி ஒரு வசதி எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

டாக்டரைப் பார்க்கும் நாளில் நாலு பேரும் மொதலாளியின் காரில் போனோம். பண்ருட்டி தாண்டும்வரை யாரும் பாட்டுகூடப் போடவில்லை. இந்தத் தடவை உள்ளே இரண்டு பேருக்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். ஆகவே மாப்ளயும் டீச்சரும் உள்ளே போனார்கள். நானும் மொதலாளியும் கதவைப் பாதி திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். கேமரா உள்ளே போனது, வந்தது. டாக்டர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"புண்ணு நல்லா ஆறியிருக்கும்மா. இப்ப பேசிப் பாக்கலாம். மெதுவா, கத்தாம. ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க."

டீச்சர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கணவனைப் பார்த்தார். கண்ணை மூடினார். எண்ணச் சொன்னால் எங்களுக்கு என்ன வரும்?

"பெண்ணாடம், வேப்பூர், வேப்பூர்" என்றார். "பெண்ணாடம், வேப்பூர், வேப்பூர்."

குரல் மெலிந்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரத்தது. ஆனால் விரிசல் இல்லை. மணிபோல் பேசியது. என் வலது கால் தரையில் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். பக்கத்தில் மொதலாளியின் காலும். உள்ளே மாப்ள முழங்காலில் இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தான், கண்ணீர் மூக்கு நுனியில் தொங்க.

டாக்டர் ஒருவர் மாற்றி ஒருவராக எங்களைப் பார்த்தார். "என்னம்மா, பஸ்ஸு எங்க போவுது?"

"வூட்டுக்குங்க" என்றார் டீச்சர்.

உறுமலைப் பற்றி டீச்சரே கேட்டார். அடுத்த தடவை பார்க்கலாம், அதுவரை அதைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். டீச்சர் தலையாட்டினார். அது வருமா வராதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வராவிட்டால் வேறு மாதிரி எழுத வேண்டியதுதான். எங்கள் பாட்டுகளில் மாற்றங்களுக்கா பஞ்சம்?

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் பேசினார். "டாக்டர் கொஞ்சமாத்தான் பேசச் சொன்னாரு" என்று மாப்ள இரண்டு முறை சொன்னான். "இது கொஞ்சந்தான்" என்றார் அவர். மாமியாரிடம் சொல்ல வேண்டியது, ரெண்டாங்கிளாஸில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கடித்தது, கப்பை வைத்துக்கொண்டு அடக்கிவைத்த அத்தனையும் மெல்லிய குரலில் வந்துகொண்டே இருந்தன. நெய்வேலி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார்.

"அப்புறம், எம் பாட்ட நாலுக்கு மாத்துனது யாரு?"

காருக்குள் மூன்று பேரும் சாலையை மிகுந்த அக்கறையோடு பார்த்தோம்.

"வாய் பேச முடியாதவ ஒருத்தி ஒக்காந்து தட்டுறா தட்டுறா, கண்டுக்கறீங்களா? வண்டிய நேரா ஷெட்டுக்கு வுடு மொதலாளி. மொதல்ல அந்த நால தூக்குங்க."

அன்றைக்கும் சூளை ஆறிக்கொண்டுதான் இருந்தது. ஷெட்டில் இதமான சூடு. மொதலாளி கிடாரை மாட்டினான், ஒலியைப் பாதிக்கும் கீழே குறைத்தான். மாப்ள குச்சிகளுக்குப் பதில் விரல்களால் வாசித்தான். டீச்சர் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். கப் களிமண் மூட்டை மேல் கிடந்தது. அதில் யாரோ டீ ஊற்றிக் குடித்திருந்தார்கள்.

"பெண்ணாடம், வேப்பூர், வேப்பூர்..."

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். மற்ற இரண்டு பேரும் நுழைந்துவிட்டார்கள். நான் நுழையவில்லை. டீச்சர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னா கவிஞரே," என்றார், "வேப்பூர்லயே எறங்கிட்டீங்களா?"